40 மணித்தியாலக் கணக்கு

கடந்த ஆண்டு ரக்ஸ் காலத்தில், ஸ்காபரோவில் எம்மவர் முதியோர் கூடும் மண்டபமொன்றில் வழக்கம்போல அவர்களுடைய வருமானவரிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று 11ஆம் வகுப்பில் படிக்கும் தம்பி ஒருவரும் வந்திருந்தார். மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொண்டுவந்து, சுவரில் படம் காட்டி, கைத்தொலைபேசியை எப்படிப் பாதுகாப்பாகப் பாவிப்பது என்று அரை மணித்தியாலம் விளக்கினார். நல்ல தயாரிப்பு. இடையிடையே தடுமாறினாலும் முழுவதையும் தமிழிலேயே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் வந்தது.

புறப்படும் நேரத்தில் ஓர் அம்மம்மா தன் தொலைபேசியை அவரிடம் நீட்டினார். "அப்பன், ஊரில மோசம்போன ஆக்களின்ர அறிவித்தல் வாற பக்கம் ஒண்டு இருக்காம். அதை எனக்கு ஒருக்கா எடுத்துத் தாறியே?" தம்பி நாலு தட்டுத் தட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, படிவத்தோடு என்னிடம் வந்தார். "அங்கிள், மூண்டு மணித்தியாலம் போடுங்கோ." போட்டேன். கையெழுத்தும் வைத்தேன். அடுத்த நாள் அந்த அம்மம்மாவால் அந்தப் பக்கத்தைத் தானாக எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும்.

ஒன்ராறியோவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்தப் படிவம் பழக்கமானதுதான். மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கு, பாடங்களில் சித்தியடைவதோடு 40 மணித்தியாலம் சமூகப்பணியும் செய்திருக்க வேண்டும். 1999இல் 9ஆம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. சம்பளம் வாங்கிச் செய்த வேலை சேராது. சொந்த வீட்டு வேலையும் சேராது. 2020இல் 9ஆம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் இன்னொரு விதியும் வந்தது. பெற்றோர் விலக்குக் கேட்டாலன்றி, இரண்டு பாடங்களை இணையவழியே படித்து முடிக்க வேண்டும். ஒரு பக்கம் சேவை, இன்னொரு பக்கம் கணினி. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கட்டம் எதுவும் இல்லை.

நான் வர்த்தகம் படித்தவன். முப்பது வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அன்றிரவு அந்தப் படிவம் மனதை உறுத்தியதற்குக் காரணம் தொழில்தான். கொடுத்தவர் எத்தனை மணித்தியாலம் கொடுத்தார் என்பது மட்டும் அதில் இருக்கிறது. பெற்றவர் எதைப் பெற்றார் என்பதற்கு இடமில்லை. எங்கள் தொழிலில் இதை ஒற்றைப் பதிவு என்போம். ஒற்றைப் பதிவில் எழுதிய கணக்கை வைத்துப் பரீட்சை மீதி எடுக்க முடியாது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், இதே மூன்று பொருட்களோடு, அதாவது சுவரில் படம் காட்டும் கருவி, சேவைக்கு வந்த மாணவர்கள், 40 மணித்தியாலம் என்பவற்றோடு வேலைசெய்த ஒரு ஆசிரியர் இருந்தார். அவர் எம்மைப்போல நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர். பெயர் பாவ்லோ பிரெய்ரே. பிரேசில் நாட்டவர்.

கடன் வசூலிக்கப் போன வழக்கறிஞர்

பிரெய்ரே 1921இல் வடகிழக்குப் பிரேசிலின் ரெசீஃபே நகரில் பிறந்தார். நடுத்தரக் குடும்பம். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அந்தக் குடும்பம் நொடிந்தது. அவருடைய பதின்ம வயதில் தந்தை இறந்தார். பசியினால் பாடம் தலையில் ஏறாமல் இருந்த நாட்களைப் பற்றிப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அவர் சட்டம் படித்தார். கடன் கொடுத்த ஒருவர் சார்பில், கடனைக் கட்ட முடியாத இளம் பல்வைத்தியர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. தொழில் தொடங்கக் கருவிகள் வாங்கியவர், திருப்பிக் கட்ட வழியில்லை. அவருடைய கதையைக் கேட்ட பிரெய்ரே, வேறு வழக்கறிஞர் வரும்வரை சில நாட்கள் அவகாசம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், இனி இந்தத் தொழில் வேண்டாம் என்று மனைவி எல்சாவிடம் சொன்னார். எல்சா ஒரு ஆசிரியை. அவருக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை.

1947இல் தொழிலாளர் நலனுக்கான ஒரு நிறுவனத்தின் கல்விப் பிரிவில் பிரெய்ரே சேர்ந்தார். அங்கு ஒருநாள், பிள்ளைகளை அடித்து வளர்ப்பது பற்றித் தொழிலாளர்களுக்கு நீண்ட உரை ஆற்றினார். சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் கருத்துகளை எல்லாம் எடுத்துச் சொன்னார். முடிந்ததும் ஒரு தொழிலாளி எழுந்தார். பிரெய்ரேயின் வீட்டில் எத்தனை அறை இருக்கும், பிள்ளைகள் எப்படிக் குளித்துச் சாப்பிட்டு இருப்பார்கள் என்று, அந்த வீட்டைப் பார்க்காமலேயே சரியாகச் சொன்னார். பிறகு தங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னார். ஒடுங்கிய இடம், பசியோடு அழும் பிள்ளைகள், விடியுமுன் எழும்ப வேண்டிய உடம்பு. அன்பில்லாமல் நாங்கள் அடிப்பதில்லை என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

வீடு திரும்பும் வழியில், அவர்களுக்கு நான் சொன்னது விளங்கவில்லைப் போலும் என்று பிரெய்ரே குறைப்பட்டார். அவர்களை விளங்கிக்கொள்ளாதது நீங்கள்தானோ என்று எல்சா திருப்பிக் கேட்டார். இந்தச் சம்பவத்தைத் தன் வாழ்க்கையின் திருப்பமாகப் பல ஆண்டுகளுக்குப் பின் பிரெய்ரே எழுதினார். அந்தத் தம்பி மண்டபத்தில் காட்டிய படங்கள் எனக்கு இதைத்தான் நினைவூட்டின.

அஞ்சிகோஸ், 1963

அன்றைய பிரேசிலில் எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு வாக்குரிமை இல்லை. 1985இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகவே எழுத்தறிவு என்பது வாக்குச்சீட்டோடு கட்டப்பட்ட விஷயம். ரெசீஃபே பல்கலைக்கழகத்தின் கலாசார விரிவாக்கப் பிரிவுக்குத் தலைமை வகித்த பிரெய்ரேயை, இன்னொரு மாநிலமான ரியோ கிராண்டே டோ நோர்ட்டே அழைத்தது. இடம், அஞ்சிகோஸ் என்னும் வறண்ட சிற்றூர். அமெரிக்காவின் உதவிநிதியும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

கற்பித்தவர்கள் நாட்டால் நகரத்துப் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் முதலில் பாடம் நடத்தவில்லை. ஊருக்குப் போய், வயலிலும் வீட்டிலும் கடையிலும் மனிதர்களோடு பேசி, அவர்கள் வாயில் வரும் சொற்களைச் சேகரித்தார்கள். அந்தச் சொற்களிலிருந்து ஒரு சிறு தொகையைத் தெரிந்தெடுத்தார்கள். பாடநூல் வெளியே இருந்து வரவில்லை. படிக்க வந்தவர்களின் பேச்சே பாடநூலானது.

அடுத்தது கருவி. அக்காலத்தில் மலிவாகக் கிடைத்த, ஒவ்வொரு படமாகச் சுவரில் காட்டும் சிறிய புரொஜெக்டர். எழுத்தைத் தொடுவதற்கு முன்னர் சில படங்களைக் காட்டி உரையாடுவது பிரெய்ரேயின் முறை. ரெசீஃபே ஓவியர் பிரான்சிஸ்கோ பிரென்னாண்ட் அதற்கெனப் படங்கள் வரைந்து கொடுத்திருந்தார். ஒரு படத்தில் மண்வெட்டியோடு ஒரு மனிதர், கிணறு, வீடு, மரம். மரத்தை யார் செய்தது? கிணற்றை யார் வெட்டியது? ஏன் வெட்டினார்? இப்படிக் கேட்கக் கேட்க, தாங்களும் உலகத்தில் ஏதோ செய்திருக்கிறோம் என்பது, ஒன்றும் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்டு வந்த மனிதர்களுக்குப் புலப்படத் தொடங்கும். கருவியின் வேலை, எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச வைப்பது. பேசுவது கருவியல்ல, மனிதர்.

அதன் பின்னரே சொல். பிரெய்ரேயின் நூல்களில் வரும் புகழ்பெற்ற உதாரணம் 'திஜோலோ'. போர்த்துக்கேய மொழியில் செங்கல் என்று பொருள். முதலில் கட்டட வேலைக் காட்சியைக் காட்டிப் பேசுவார்கள். பிறகு சொல்லைக் காட்டுவார்கள். பிறகு அதைத் தி, ஜோ, லோ என்று பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டின் குடும்பமும் வரும்: த தே தி தோ து, ஜ ஜே ஜி ஜோ ஜு, ல லே லி லோ லு. மூன்று வரிசையையும் ஒன்றாகக் காட்டிவிட்டு, இவற்றைக் கூட்டி என்ன சொற்கள் செய்யலாம் என்று கேட்பார்கள். லோவும் ஜவும் சேர்ந்தால் 'லோஜ', கடை. லுவும் தவும் சேர்ந்தால் 'லுத', போராட்டம். யாரும் சொல்லிக் கொடுக்காத சொல்லை, படிக்க வந்தவர் முதல் நாளிலேயே தானாக உருவாக்குவார்.

எமக்கு இது புதிதாகத் தோன்றாது. உயிர்மெய் வரிசை சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் நாங்கள் படித்தது வரிசை முழுவதையும் மனனம் செய்த பிறகுதான் சொல்லுக்குப் போகும் முறை. பிரெய்ரே மனிதரின் சொல்லில் தொடங்கி, அதற்குள்ளிருந்து வரிசையை எடுத்தார். தமிழ்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சனிக்கிழமை காலையில் அழும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த வித்தியாசத்தை யோசித்துப் பார்க்கலாம்.

அஞ்சிகோஸில் சுமார் 300 பேர் படித்தார்கள். பாடநேரம் 40 மணித்தியாலம். 1963 ஏப்ரலில் நடந்த நிறைவு வகுப்புக்கு நாட்டின் சனாதிபதி ஜுவாவ் கூலார்ட் நேரில் வந்தார். அதன்பின் நாடு முழுவதும் இதை விரிவாக்கத் திட்டம் போடப்பட்டது. இலட்சக்கணக்கான புதிய வாக்காளர்கள் வரக்கூடும் என்பது சிலருக்கு நம்பிக்கையாகவும் சிலருக்குப் பயமாகவும் இருந்தது.

இந்த 40ஐ மந்திரம்போல யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 40 மணித்தியாலத்தில் ஒருவர் எளிய வசனத்தை வாசிக்கலாம், எழுதலாம். தொடர்ந்து வாசிக்க எதுவும் கிடைக்காவிட்டால் அது கைநழுவிப் போகும். 1964இல் தொடர்ச்சி அறுந்தபோது அதுதான் நடந்தது. இன்னொன்றையும் பிரெய்ரே எழுதினார். இந்த வேலையில் கடினமானது கருவியோ முறையோ அல்ல. கற்பிக்க வரும் மாணவருக்கு, பேசுவதை நிறுத்திக் கேட்கும் மனப்பான்மையைப் பழக்குவதுதான் கடினம்.

வெளியேற்றப்பட்ட ஆசிரியர்

1964 ஏப்ரல் தொடக்கத்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எழுத்தறிவுத் திட்டம் நிறுத்தப்பட்டது. பிரென்னாண்டின் மூலப் படங்கள் பறிக்கப்பட்டன. பிரெய்ரே சுமார் 70 நாட்கள் சிறையில் இருந்தார். பிறகு பொலிவியா, அங்கும் ஆட்சிக்கவிழ்ப்பு நடக்க, சிலி. 1969இல் அமெரிக்காவின் ஹார்வர்ட், 1970 முதல் ஜெனீவா. மனைவியும் ஐந்து பிள்ளைகளும் அந்த அலைச்சலில் இருந்தார்கள். 1980இல்தான் நிரந்தரமாக ஊர் திரும்பினார். ஏறத்தாழ 16 ஆண்டுகள். ஊருக்குத் திரும்ப முடியாத மனிதனின் காலம் எப்படிப் போகும் என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவர் எழுதிய 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை' சிலியில் உருவான நூல். அங்கு நிலச்சீர்திருத்தத்தில் விவசாயிகளோடு வேலை செய்தார். பிரேசிலில் சேகரித்த சொற்கள் அங்கு உதவவில்லை. மொழி வேறு, மண் வேறு. முறையைக் கொண்டுபோகலாம், சொற்பட்டியலைக் கொண்டுபோக முடியாது. ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்தப் பாடத்துக்கு எதிரான உதாரணமும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1975 முதல், போர்த்துக்கலிடமிருந்து விடுதலை பெற்ற கினி-பிசாவு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்துக்கு அவர் ஆலோசனை வழங்கினார். அங்கு கற்பித்தல் மொழியாக இருந்தது போர்த்துக்கேயம். மக்கள் வீட்டில் பேசியதோ கிரியோலும் ஏனைய ஆபிரிக்க மொழிகளும். இயக்கம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மொழிதான் முக்கிய தடை என்பதைப் பிரெய்ரேயும் பின்னர் ஒப்புக்கொண்டார். பேசாத மொழியில் முதல் எழுத்தைக் கற்பிக்க, கேட்கத் தெரிந்த ஆசிரியராலும் முடியவில்லை.

கணினி வந்தபோது

1989 முதல் 1991 வரை சாவோ பவுலோ மாநகரத்தின் கல்விச் செயலாளராக அவர் இருந்தார். 600க்கும் மேற்பட்ட பள்ளிகள், பல இடிந்த நிலையில். அந்தக் காலத்தில் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, மாநகரப் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுவரும் திட்டம். சீமோர் பேப்பர்ட் முதலானோர் 1967இல் உருவாக்கிய, பிள்ளைகள் தாமே கட்டளை எழுதித் திரையில் ஆமையை நகர்த்தும் 'லோகோ' மொழி அதில் பயன்பட்டது. மற்றது, அயலிலுள்ள மக்கள் அமைப்புகளோடு மாநகரசபை கூட்டுச்சேர்ந்து நடத்திய முதியோர் எழுத்தறிவு இயக்கம். நிதியும் பயிற்சியும் மாநகரசபை கொடுக்க, வகுப்புகளை அந்தந்த இடத்து அமைப்புகள் நடத்தின.

பேப்பர்ட்டும் பிரெய்ரேயும் அந்த ஆண்டுகளில் சாவோ பவுலோவில் ஒன்றாக அமர்ந்து பேசிய உரையாடல் ஒளிப்பதிவாக இருக்கிறது. கணினி வந்த பிறகு பள்ளிக்கூடம் என்ற அமைப்பே தேவையற்றதாகிவிடும் என்ற பக்கம் பேப்பர்ட் சாய்ந்தார். பள்ளி மோசமாக இருக்கிறது என்பதைப் பிரெய்ரே மறுக்கவில்லை. ஆனால் அதை ஒழிக்காமல் மாற்ற வேண்டும் என்றார். கணினியை அவர் எதிர்க்கவும் இல்லை, வணங்கவும் இல்லை. அது யாருக்காக, எதற்காக வருகிறது என்பதே அவருடைய கேள்வி. சுவரில் படம் காட்டிய காலத்திலும் கேள்வி அதுதான்.

அவர் 1997 மே 2ஆம் திகதி காலமானார். 2012இல் பிரேசில் அவரைத் தன் கல்வியின் காவலராகச் சட்டமியற்றி அறிவித்தது. பாடத்தையும் சமூகப்பணியையும் இணைக்கும் முறைக்கு, 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 'சேவைவழிக் கற்றல்' என்ற பெயர் வந்தது. அதன் முன்னோடிகளைச் சொல்லும்போது இன்று பிரெய்ரேயின் பெயரும் சொல்லப்படுகிறது. தொண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் எளிது. தொண்டில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். சேவைவழிக் கற்றலில் தேவையை முதலில் கேட்டறிய வேண்டும், பிறகு சேர்ந்து வேலைசெய்ய வேண்டும், பிறகு நான் எதைக் கற்றேன் என்று உட்கார்ந்து எழுத வேண்டும். கணக்கின் இரு பக்கமும் நிரம்ப வேண்டும்.

இரண்டாம் முறை

இலையுதிர் காலத்தில் அதே தம்பி வந்தார். இன்னும் 22 மணித்தியாலம் மீதி. இந்தமுறை ஒரு நிபந்தனை வைத்தேன். முதல் இரண்டு கிழமையும் புரொஜெக்டர் வேண்டாம், ஒரு கொப்பி மட்டும். போன கிழமை தொலைபேசியில் எதைச் செய்யப் பார்த்து முடியாமல் போனது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும்.

வந்த சொற்கள்: மரண அறிவித்தல், குளிசை, பஸ், மகளின்ர குரல், எழுத்துச் சின்னன். பாதுகாப்பு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. தம்பியின் தமிழ் எழுத்தில் ர, ற எல்லாம் இடம்மாறிக் கிடந்தன. ஊரில் ஆசிரியையாக இருந்த ஒருவர் அந்தக் கொப்பியை வாங்கிச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தார். செலவுப் பக்கம் மட்டும் இருந்த கணக்கில் வரவு விழத் தொடங்கியது அப்போதுதான்.

மூன்றாம் கிழமையிலிருந்து ஒரு கிழமைக்கு ஒரு சொல். தொலைபேசியைத் தம்பி தொடக்கூடாது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும் என்பது விதி. அவருக்கு அது பெரிய தண்டனை. ஒன்பது பேர் தொடங்கினார்கள். மூன்று பேர் இடையில் நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் இன்னும் யாரையாவது கூப்பிடுகிறார்கள். நான்கு பேர் தாங்களாகவே செய்கிறார்கள். இது பெரிய வெற்றியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த எண்களை என்னால் சரிபார்க்க முடியும்.

அந்த நால்வரில் அம்மம்மாவும் ஒருவர். அவர் தானாகத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, முதலில் வாசித்த அறிவித்தல் அவரோடு ஒரே வகுப்பில் படித்த தோழியுடையது. மண்டபத்திலேயே அழுதார். தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்துக் கதிரையில் போய் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ எப்பிடியான ஆள் அம்மம்மா?" என்று கேட்டார். அன்று வகுப்பு நடக்கவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

படிவத்தில் அந்த நாளுக்கும் இரண்டு மணித்தியாலம் போட்டிருந்தார். பின்பக்கத்தில், தான் கற்றதை எழுதச் சொல்லியிருந்தேன். அங்கே அந்தத் தோழியின் பெயர், ஊர், இருவரும் சேர்ந்து போன பள்ளிக்கூடத்தின் பெயர், பக்கத்தில் இருந்த குளத்தின் பெயர் எல்லாம் தமிழில் இருந்தன. பள்ளிக்கூடம் அந்தப் பின்பக்கத்தைப் பார்க்காது. நான் வாசித்துவிட்டு முன்பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு படிவம் இருக்கலாம். மணித்தியாலம் முடிந்ததா என்று பிள்ளையைக் கேட்பது தவறில்லை. அது தேவைதான். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: நீ போன இடத்தில் முன்பு முடியாத எதை இப்போது யாரால் தானாகச் செய்ய முடிகிறது, அவர்களிடமிருந்து நீ எதை வாங்கிக்கொண்டு வந்தாய்? இரண்டுக்கும் பதில் இருந்தால் அந்தக் கணக்கு சமப்படும்.